பழவேற்காட்டு டச்சுக் கல்லறையும் அதில் பெயர் இல்லாத ஜெர்மானியரும்

பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைத் தோட்டம் திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாவட்டத்தின் மேற்குக் கோடியில் உள்ள பள்ளிப்பட்டிலிருந்து கிளம்புகிறவர் திருத்தணி, திருவள்ளூர், பொன்னேரி என்று மாவட்டத்தையே குறுக்காகக் கடந்துதான் அங்கே போய்ச் சேர முடியும். சென்னைப் பக்கமிருந்து வருகிறவர்களுக்குக் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் தோது. பொன்னேரியில் இறங்கிப் பழவேற்காட்டுப் பேருந்தைப் பிடித்தால் போதும். மதில் சூழ்ந்த சின்ன இடம்தான் அது. உள்ளே 17, 18ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த எழுபதுக்கும் மேற்பட்ட கல்லறைகள். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம்.

ஊர்க்காரர்களுக்கு இது டச்சுக்காரன் கல்லறை. பழைய தமிழில் சொன்னால் ஒல்லாந்தர் கல்லறை. இரண்டும் சரியே, ஆனால் பாதிதான் சரி. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆசியாவுக்கு அனுப்பிய மாலுமிகளிலும் சிப்பாய்களிலும் ஏறக்குறைய பாதிப் பேர் நெதர்லாந்துக்காரர்களே அல்லர். அந்த வெளியாட்களில் பெரும்பாலோர் ஜெர்மன் பேசும் நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஆகவே இந்த மாவட்டத்தில் முதலில் குடியேறிய ஜெர்மானியரைத் தேடுகிறவர் இந்தக் கல்லறையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

டச்சுக்காரர்களை இங்கே இழுத்து வந்தது துணி. மலுக்குத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வேண்டுமானால் அங்கே வெள்ளிக் காசைவிடச் சோழமண்டலக் கரையின் சாயத் துணிக்குத்தான் கிராக்கி. பழவேற்காட்டின் பின்னால், உள்நாடு முழுவதும் தறிகள். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் வட்டாரத்தில் தறிச் சத்தம் இன்றைக்கும் ஓயவில்லை. கட்டம் போட்ட கைலிக்கு மலாய்க்காரர்கள் வைத்திருக்கும் ‘காயின் பெலிகாட்’ என்ற பெயரில் உள்ள பெலிகாட் இந்தப் பழவேற்காடுதான்.

1610இல் விஜயநகரத்தின் இரண்டாம் வேங்கடபதி ராயரிடம் அனுமதி பெற்று டச்சுக்காரர்கள் இங்கே ஒரு பண்டகசாலை போட்டார்கள். சாந்தோமில் இருந்த போர்ச்சுக்கீசியருக்கு இது பொறுக்கவில்லை. 1612இல் வந்து அதை அடித்து நொறுக்கினார்கள். அடுத்த ஆண்டே, வெம்மர் வான் பெர்க்கம் என்ற டச்சுத் தலைவரின் காலத்தில், அதே ஊரில் கோட்டை எழுந்தது. அவர் பிறந்த கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயரால் அதற்கு ‘கெல்ட்ரியா’ என்று பெயர் வைத்தார்கள். அந்த மாகாணமே தன் பெயரை கெல்டர்ன் என்ற ஊரிலிருந்து பெற்றது. அந்த ஊர் இன்றைய ஜெர்மனிக்குள் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் டச்சு, ஜெர்மன் என்ற எல்லைக்கோடு எவ்வளவு மங்கலாக இருந்தது என்பதற்குக் கோட்டையின் பெயரே சான்று.

கெல்ட்ரியா கோட்டை 1690 வரை சோழமண்டலக் கரையில் இருந்த டச்சு வாணிபம் முழுவதற்கும் தலைமையிடம். ஆளுநர் இங்கேதான் இருந்தார். நாணயம் அச்சடித்தார்கள். வெடிமருந்து தயாரித்துப் பட்டாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பினார்கள். பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் அடிமைகளாக விற்கப்பட்ட தமிழரும் தெலுங்கரும் ஆயிரக்கணக்கில் இதே துறையிலிருந்து கப்பலேற்றப்பட்டார்கள். கல்லறைகளின் அழகைப் பேசும் சுற்றுலாக் கையேடுகள் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. அந்தக் கற்களுக்கான காசு துணியில் மட்டும் வந்ததல்ல.

கல்லறைத் தோட்டத்தில் முதலில் கண்ணில் படுவது வாயில். நுழைவின் இருபக்கமும் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கின்றன. நம் கோயில் வாசலில் துவாரபாலகர் நிற்கும் அதே இடத்தில் இவை. பார்க்கிறவர்கள் பயந்து போவதும் உண்டு, பக்கத்தில் நின்று செல்பி எடுத்துக்கொள்வதும் உண்டு. பயமுறுத்துவதற்காகச் செதுக்கியவை அல்ல. அன்றைய ஐரோப்பியப் புராட்டஸ்டன்ட் வழக்கத்தில் மண்டையோடு, எலும்பு, மணற்கடிகாரம் எல்லாம் கல்லறைக்கு உரிய சாதாரண அலங்காரங்கள். சிலுவையையும் புனிதர் உருவங்களையும் தவிர்த்த சீர்திருத்தத் திருச்சபைக்காரர்கள், சாவை நினைவூட்ட இவற்றைப் பயன்படுத்தினார்கள். பக்கத்திலேயே போர்ச்சுக்கீசியர் காலத்து மகிமை மாதா திருத்தலம் இருக்கும் ஊரில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

உள்ளே இரண்டு வகைக் கட்டுமானங்கள். ஒன்று, செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய உயரமான நினைவு மண்டபங்களும் கூர்நுனித் தூண்களும். இன்னொன்று, தரையோடு தரையாகவோ மேடைமேலோ கிடத்திய பெரிய கருங்கற்பலகைகள். தூரத்திலிருந்து படமெடுக்க முதல் வகை வசதி. விஷயம் இருப்பது இரண்டாவதில்.

ஒரு பலகையைக் கிட்டத்தில் பார்த்தால் வேலைப்பாடு புரியும். நம் கோயில் கல்வெட்டுகளில் எழுத்தைக் கல்லுக்குள் குழிவாக வெட்டுவார்கள். இங்கே எழுத்தைச் சுற்றியுள்ள கல்லை முழுவதும் கொத்தி எடுத்துவிட்டு எழுத்தை மட்டும் மேடாக நிற்க விட்டிருக்கிறார்கள். ஒரு எழுத்து உடைந்தாலும் ஒட்டவைக்க வழியில்லை, பலகையே வீண். பலகையின் மேற்பகுதியில் குடும்பச் சின்னம்: கேடயம், அதன் மேல் தலைக்கவசம், இருபுறமும் சுருண்டு விரியும் இலைக்கொடிகள். கீழே எழுத்து. சுற்றிலும் பூவேலைக் கரை. இந்தக் கரையில் உற்பத்தியான கருங்கற்பலகைகளுக்கு அந்தக் காலத்தில் வெளியிலும் கேட்பு இருந்தது. பட்டாவியாவில் இறந்த கம்பெனி அதிகாரிகளுக்கும் சோழமண்டலக் கல் கப்பலில் போயிருக்கிறது.

வாசகம் டச்சில் இருந்தாலும் அதன் சட்டகம் எல்லாக் கல்லிலும் ஏறத்தாழ ஒன்றே, ஆகவே மொழி தெரியாதவரும் சற்று முயன்றால் படித்துவிடலாம். ‘ஹியர் லெய்ட் பெக்ராவன்’ என்று தொடங்கினால் இங்கே அடக்கம் செய்யப்பட்டிருப்பவர் என்று பொருள். அடுத்து பெயர். பெயருக்குப் பின் பதவி. பதவிதான் முக்கியம். கம்பெனியின் ஏணியில் அடிப்படியில் உதவி எழுத்தர், அதற்கு மேல் கணக்கர், பிறகு ‘ஒண்டர்கோப்மன்’ என்ற இளநிலை வணிகர், ‘கோப்மன்’ என்ற வணிகர், ‘ஓப்பர்கோப்மன்’ என்ற முதுநிலை வணிகர், உச்சியில் ஆளுநர். ‘ஹௌஸ்வ்ரௌ’ என்று வந்தால் மனைவி. ‘ஓபிட்’ என்பது லத்தீன், இறந்தார் என்று பொருள், அதன் பக்கத்தில் தேதி. சில கற்களில் வயது ஆண்டு, மாதம், நாள் என்று துல்லியமாக இருக்கும். மூன்று வயதைத் தாண்டாத குழந்தைகளின் பெயர்களும் தகப்பன் பெயருக்குக் கீழே வரும். ஒரே குடும்பத்தில் சில ஆண்டு இடைவெளியில் அடுத்தடுத்து நேர்ந்த சாவுகளை ஒரே கல் சுமப்பதும் உண்டு. அந்த வகையில் இதைக் குடும்பக் கல்லறை என்று சொல்வதிலும் தவறில்லை. பல வீடுகளின் குடும்பக் கல்லறைகள் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன.

பெண்கள் எல்லாரும் ஐரோப்பாவில் பிறந்தவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த பெண்கள் மிகக் குறைவு. கம்பெனி ஊழியர்களில் பலர் இங்கேயே பிறந்த, ஞானஸ்நானம் பெற்ற பெண்களை மணந்தார்கள். போர்ச்சுக்கீசியத் தகப்பனுக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்த பெண்கள் அவர்களில் கணிசம். டச்சுக் கோட்டைக்குள் வீட்டு மொழியாகப் போர்ச்சுக்கீசியம் புழங்கியதற்கு இதுதான் காரணம்.

இந்தக் கற்களில் பதவிப் பெயர்களைத் தொடர்ந்து படித்துக்கொண்டு போனால் ஒரு விஷயம் உறைக்கும். வணிகர்கள் இருக்கிறார்கள், ஆளுநர் வட்டத்து ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய மனைவி மக்கள் இருக்கிறார்கள். கோட்டையைக் காத்த சிப்பாய் எங்கே? பீரங்கிக்காரன் எங்கே? கப்பலை ஓட்டி வந்தவன் எங்கே? இந்த இடம் ஊரில் இறந்த ஐரோப்பியர்களின் பட்டியல் அல்ல, அவர்களில் வசதியானவர்களின் பட்டியல். ஜெர்மானியர் காணாமல் போவது இந்த இடத்தில்தான்.

ஜெர்மானியர் எப்படி டச்சுக் கம்பெனிக்குள் வந்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் காரணம் புரியும். 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போர் ஜெர்மன் நாடுகளைச் சூறையாடிவிட்டது. பிழைப்புத் தேடி இளைஞர்கள் ஆம்ஸ்டர்டாமுக்கு நடந்தே வந்தார்கள். கையில் காசில்லாமல் வந்தவனுக்குச் சோறும் படுக்கையும் கடனாகக் கொடுக்கும் ஆட்கள் துறைமுகத்தில் காத்திருந்தார்கள். கப்பல் சேரும் நாள் வரை தங்க வைத்து, கம்பெனியில் பதிந்துவிட்டு, அவன் சம்பளத்திலிருந்து 150 கில்டர் வரை தங்களுக்குச் சேரும்படி கடன்சீட்டு எழுதி வாங்கிக்கொள்வார்கள். சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளம் சுமார் ஒன்பது கில்டர். அந்தக் கடனை அடைக்கவே ஒன்றரை ஆண்டுச் சம்பளம் போய்விடும். ‘ஆன்மாவை விற்பவர்கள்’ என்று அந்தத் தரகர்களை டச்சு மக்களே திட்டினார்கள். நம்மூரில் வளைகுடா வேலைக்கு ஆள் பிடிக்கும் தரகர்களின் கதையைக் கேட்டவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது.

சிப்பாயின் ஒப்பந்தம் ஐந்து ஆண்டு. டெக்ஸல் தீவிலிருந்து பட்டாவியா போய்ச் சேர ஏழெட்டு மாதம். இரண்டு நூற்றாண்டுகளில் நெதர்லாந்திலிருந்து இந்தக் கம்பெனியின் கப்பல்களில் ஏறியவர்கள் ஏறத்தாழ பத்து லட்சம் பேர். திரும்பியவர்கள் அதில் பாதிகூட இல்லை. எல்லாரும் செத்துவிடவில்லை. இங்கேயே தங்கிப்போனவர்களும் இருந்தார்கள். ஆனால் சீதபேதியும் காய்ச்சலும் பழவேற்காடு போன்ற உப்பங்கழி ஊர்களில் பெரும் பகுதியைக் கொண்டுபோயின.

இறந்த சிப்பாயின் பெட்டி ஏலத்துக்கு வரும். சட்டை, செருப்பு, புகையிலை எல்லாம் சக சிப்பாய்கள் வாங்கிக்கொள்வார்கள். ஏலத் தொகை அவனுடைய சம்பளக் கணக்கில் ஏறும். கடன் கழித்து மிச்சமிருந்தால் அது ஐரோப்பாவில் உள்ள வாரிசுக்குப் போகும். கல் வைக்க இதில் எங்கே காசு? கல்லில் பொறிக்கக் குடும்பச் சின்னமும் அவனுக்கு இல்லை. அவன் பெயர் கம்பெனியின் சம்பளப் பேரேட்டில் மட்டும் தங்கியது. அந்தப் பேரேட்டிலும் பதிவு செய்த டச்சு எழுத்தர் யோஹான் என்ற பெயரை யான் என்று மாற்றி எழுதியிருப்பார். பெயருக்குப் பக்கத்தில் சொந்த ஊரை எழுதும் வழக்கம் இருந்ததால்தான் பிரேமன்காரன், ஹாம்பர்க்காரன் என்று இன்றைக்குப் பிரித்துச் சொல்ல முடிகிறது.

ஜெர்மானியர் இங்கே வந்த வழி டச்சுக் கம்பெனி மட்டுமல்ல. ஆங்கிலேயக் கம்பெனிக்காகப் போரிட ஹானோவரிலிருந்து இரண்டு படைப்பிரிவுகள் 1782இல் சென்னை வந்திறங்கின. அடுத்த ஆண்டு கடலூர்ப் போரில் அவை பிரெஞ்சுக்காரர்களோடு மோதின. வுர்ட்டெம்பெர்க் கோமகன் தன் குடிமக்களை ஒரு முழுப் படைப்பிரிவாகவே டச்சுக் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டார். தென்னாப்பிரிக்க முனைக்கு அனுப்பப்பட்ட அவர்கள் பிறகு இலங்கைக்கும் ஜாவாவுக்கும் பிரித்து அனுப்பப்பட்டார்கள். ஊர் திரும்பியவர்கள் கொஞ்சப் பேரே. இவர்களுடைய தடங்களும் கல்லில் அவ்வளவாக இல்லை.

தமிழ்நாட்டில் பெயர் நிலைத்த ஜெர்மானியர் யார் என்று பார்த்தால் எல்லாரும் பாதிரியார்கள். தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு, சாக்சனியின் புல்ஸ்னிட்ஸ் ஊர்க்காரர். 1719இல் 36 வயதில் இறந்த அவருடைய உடல், அதற்கு முந்தைய ஆண்டு திறந்த புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அடக்கமானது. மறு ஆண்டு இறந்த அவருடைய தோழர் கிரண்ட்லரும் அங்கேயே. தஞ்சையில் 1798இல் இறந்த சுவார்ட்ஸ் ஐயருக்குச் சரபோஜி மன்னர் லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு பளிங்கில் நினைவுச் சிற்பம் செய்வித்தார். சிப்பாய்க்கு மண், போதகருக்குப் பளிங்கு. காரணம் பக்தி மட்டுமல்ல. பாதிரியாருக்குப் பின்னால் ஹாலே நகரத்து மிஷன் இருந்தது. கடிதங்கள் அச்சாகி ஐரோப்பா முழுவதும் படிக்கப்பட்டன. கல் வைக்க ஆள் இருந்தது.

பழவேற்காட்டுக்கும் அப்படி ஒரு ஜெர்மானியத் தொடர்பு உண்டு. பிராங்க்ஃபர்ட்டுக்கு அருகே உள்ள கிளேபெர்க்கில் 1711இல் பிறந்த யோஹான் பிலிப் ஃபப்ரிசியுஸ் சென்னையில் மிஷன் நடத்தி வந்தார். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது தன் சபையாரை அழைத்துக்கொண்டு அவர் தஞ்சம் புகுந்த இடம் டச்சுக்காரர்களின் பழவேற்காடு. தமிழ் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றிய வேதாகம மொழிபெயர்ப்பும், 1779இல் வேப்பேரியில் அச்சான தமிழ் - ஆங்கில அகராதியும் அவர் உழைப்பில் வந்தவை. அந்த அகராதியின் வழிவந்த பதிப்புகளைத் தமிழ் ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள்.

இதற்கு நூறு ஆண்டுக்கு முன்பே, 1632 முதல் 1642 வரை கெல்ட்ரியா கோட்டையில் போதகராக இருந்த டச்சுக்காரர் ஆப்ரஹாம் ரொஜேரியுஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை வைத்து இந்து சமயத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் இறந்த பின் 1651இல் லெய்டனில் அது வெளியானது. பர்த்ருஹரியின் சுலோகங்கள் முதன்முதலாக ஐரோப்பிய மொழிக்குப் போனது அந்த நூல் வழியாகத்தான். பழவேற்காட்டைப் பற்றி எழுதும்போது பூநாரையைப் பற்றிப் பத்துப் பத்தி எழுதுகிறவர்கள் இந்த மனிதருக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கலாம்.

1690இல் டச்சுத் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியதும் பழவேற்காட்டின் மவுசு இறங்கத் தொடங்கியது. அடக்கங்கள் மட்டும் தொடர்ந்தன. 1781இல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தார்கள், பிறகு திருப்பிக் கொடுத்தார்கள், 1795இல் மீண்டும் பிடித்தார்கள். 1824ஆம் ஆண்டின் ஆங்கில - டச்சு உடன்படிக்கைப்படி 1825இல் ஊர் ஒரேயடியாகக் கைமாறியது. கோட்டை அதற்கு முன்பே இடிக்கப்பட்டுவிட்டது. அது இருந்த இடத்தில் இன்று மேடும் அகழியின் தடமும் புதரும்தான். போர் வந்தால் கோட்டையைத் தகர்க்க ஆள் உண்டு. கல்லறையைத் தகர்த்து யாருக்கும் லாபமில்லை, அதனால் அது தப்பியது.

கற்களை முறையாகப் பதிவு செய்யும் வேலை ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கியது. தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ, சென்னை மாகாணத்தில் உள்ள டச்சுக் கம்பெனியின் நினைவுச் சின்னங்களைப் பற்றி 1897இல் படங்களோடு ஒரு தொகுதி வெளியிட்டார். 1905இல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் மாகாணத்தின் கல்லறை வாசகங்களைத் தொகுத்தார். அண்மைக் காலத்தில் இந்தக் கரையின் டச்சுக் கல்லறைகளை முழுதாக ஆராய்ந்தவர் நெதர்லாந்தின் மரியன் பீட்டர்ஸ். அவருடைய நூல் 2002இல் டச்சு மொழியில் வந்தது. பழவேற்காட்டோடு சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், மசூலிப்பட்டினம் ஆகிய ஊர்களின் கற்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தச் சிறிய தோட்டத்தின் அருமை விளங்கும்.

இன்றைய நிலையில் கருங்கற்பலகைகளுக்குப் பெரிய ஆபத்தில்லை. உப்புக் காற்று அவற்றை எளிதில் அசைக்காது. சிக்கல் செங்கல் கட்டுமானங்களில். காரைப் பூச்சு உதிர்ந்த இடத்தில் பறவை எச்சத்தோடு ஆல், அரச விதை விழுகிறது. இரண்டு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் வேர் இறங்கிச் செங்கல் வரிசை பிளந்துகொள்ளும். அங்கே சிமெண்ட் பூசினால் இன்னும் கேடு. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் உள்ளேயே பூட்டி வைத்து உப்பைக் கிளப்பிச் செங்கல்லைப் பொடியாக்கும். ஆகவே மெனக்கெட்டுச் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைக் கொண்டு செய்தால்தான் அது பழுதுபார்ப்பு. பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி நூறு மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அடுத்த இருநூறு மீட்டருக்குள் அனுமதி வேண்டும் என்கிறது சட்டம். நெருக்கமான மீனவ ஊரில் சொந்த வீட்டைப் பெரிதாக்க நினைக்கிறவருக்கு இது கசப்பான விதி. அந்தக் கசப்பும் நியாயமானதுதான்.

எழுத்துகளைப் படிக்க விரும்புகிறவர்கள் காலை எட்டு மணிக்குள்ளோ மாலை ஐந்துக்கு மேலோ போவது நல்லது. சாய்ந்த வெயிலில் மேட்டெழுத்தின் நிழல் விழுந்து பெயர்கள் தானாகத் தெளியும். உச்சி வெயிலில் பலகை முழுவதும் ஒரே கறுப்பாகத்தான் தெரியும். எழுத்து எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று சுண்ணாம்புக் கட்டி, மாவு, எண்ணெய் எதையும் தேய்க்க வேண்டாம். பலகைமேல் ஏறி நிற்கவும் வேண்டாம். கல்லில் இடம் கிடைக்காத சிப்பாய்களையும் மாலுமிகளையும் தேட ஆசைப்படுகிறவர்களுக்கு ஹேக் நகரத்தின் தேசிய ஆவணக் காப்பகம் ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது. 1699 முதல் 1794 வரையிலான கம்பெனியின் சம்பளப் பேரேடுகளிலிருந்து எடுத்த லட்சக்கணக்கான பெயர்களை, சொந்த ஊர், கப்பல், பணி முடிந்த விதம் ஆகியவற்றோடு இணையத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.